வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தேன், அவ்வளவுதான்

ஜனவரி 5, திங்கள்

பெயிண்டர் துரைப்பாண்டி சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். மறுபடி இப்படி ஒன்று நடக்காது என்பதால் எழுதி வைக்கிறேன்.

மழைக்காலம் முழுக்க முன்னறைச் சுவரில் ஈரம் ஊறி ஓதம். காரை உதிர்ந்து உதிர்ந்து டிவி மேல் விழுந்தது. இனிப் பொறுக்க முடியாது என்று மொத்த வீட்டுக்கும் அடிக்கச் சொல்லிவிட்டேன். சுவருக்கு இளமஞ்சள், வாசல் கதவுக்கு நீலம். "படகு மாதிரி இருக்கும் மேம்" என்று இழுத்தார் துரைப்பாண்டி. தூத்துக்குடியில் ஒரு கதவு படகு மாதிரி இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

மத்தியானம் பைக்கில் கடந்துபோன ரெமி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். விசைப்படகு வைத்திருக்கிறான். எஸ்தாக்கியார் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவர் வேறு.

"அக்கா, சார் வாராவளா?"

"எந்த சாருடா?"

"வெளயாடாதிய. நம்ம சார்தான். வீடெல்லாம் அடிச்சு ஜோரா இருக்கு…"

"சுவத்துல ஓதம்டா."

"சரி, சரி. ஓதம்." வாயெல்லாம் பல்லாகப் போனான்.

புது டைரிக்கு எங்களைத் தெரியாது, சொல்லி வைக்கிறேன். நம்ம சார் என்றால் என் வீட்டுக்காரர், கிளாரன்ஸ் மோத்தா. பன்னிரண்டு வருடம் எஸ்தாக்கியார் கல்லூரியின் கால்பந்துக் கோச். ஆறு வருடத்துக்கு முன்பு கோவாவில் ஒரு தொழில்முறை அணி கூப்பிட்டது, போய்விட்டார். நான் அதே கல்லூரியில் மாணவிகளுக்கு பி.டி. டீச்சர். "இந்த ஒரு பருவம் மட்டும் பையங்களையும் பாத்துக்கிடுங்க" என்றார்கள். அந்தப் பருவம் இன்னும் முடியவில்லை. மைதானத்து ஷெட்டில் போர்டு தொங்குகிறது: ஹில்டா கிளாரன்ஸ், கால்பந்துப் பயிற்சியாளர் (பொறுப்பு).

டைரியில்தான் கிளாரன்ஸ் என்று எழுதுவேன். நேரில் 'ஏங்க'. எங்கள் தெருவில் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பெண் இன்னும் பிறக்கவில்லை.

ஜனவரி 6

மீன்காரி, தையல்காரர், கல்லூரி வாட்ச்மேன். மூன்று பேரும் ஒரே கேள்வி. மூன்று பேரிடமும் ஓதம் என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

ஜனவரி 8, வியாழன்

சாயங்காலப் பயிற்சிக்குக் கிளம்பும்போது கிளாரன்ஸிடமிருந்து போன். வழக்கமாக இந்த நேரத்தில் அவரும் அங்கே மைதானத்தில் விசிலும் கையுமாக நிற்பார். இன்று பின்னால் விசில் சத்தமே இல்லை. குக்கர் சத்தம் கேட்டது. கோவாவில் மைதானத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஏதாவது சாப்பாட்டுக் கடை வந்திருக்கும்.

"லெஃப்ட் பேக் பையனுக்கு முட்டி எப்பிடி இருக்கு?"

"ஓடுதான். கால் எறி நடந்தா கூட ஆடிருவான்."

"கால் எறின்னா?"

"காலிறுதி. இங்க பையங்க அப்பிடித்தான் சொல்லுதானுவ." சிரித்தார். நான் கேட்டேன்: "நீங்க திரும்பி வாரியளாமே? ஊரெல்லாம் பேச்சு."

"எங்காதுக்கும் வந்துச்சு. நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சேன், அவ்வளவுதான்."

"போட்டோ அனுப்பு."

அனுப்பினேன். "நல்லாருக்கு" என்று பதில் வந்தது. வருகிறாரா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் திருப்பிக் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? கோவாவில் கோச்சாக இருப்பவர் எதற்குக் கல்லூரிக்கு வரப்போகிறார்?

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஃபாதர் வியான்னி கை காட்டி நிறுத்தினார். கல்லூரிச் செயலர் அவர். நல்ல மனிதர். முடிவு எடுத்த பிறகுதான் ஆலோசனை கேட்பார்.

"ஒங்களுக்கு ஒரு சந்தோஷமான சேதி ஹில்டா மேடம். சார்கிட்ட ஒரு மாதிரி பேசிருக்கோம். மறுத்துச் சொல்லல."

"எதப் பத்தி ஃபாதர்?"

"அதான், திரும்பி வாரதப் பத்தி. சார் பேரு இருந்தா பழைய மாணவர்லாம் சேந்து புல்தரை மைதானம் போட்டுத் தாரோம்னு சொல்லுதாங்க. கேலரியோட."

"அப்ப நான்?"

"நீங்க மறுபடி பொம்பளப் பிள்ளைகளப் பாத்துக்கிடலாம். த்ரோபால், டென்னிக்காய்ட்னு ரெஸ்டா இருக்கும். ஆறு வருஷமா ரெண்டையும் இழுத்துட்டுக் கெடக்கிய, பாவம்." என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு சேர்த்தார்: "வீட்டுக்காரரும் பக்கத்துல வந்துருவாருல்லா. வேற என்ன வேணும்?"

வேறு என்ன வேண்டும்? சரி ஃபாதர் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு மகிழ்ச்சிதான். ஆறு வருடமாகப் புருஷனைப் பிரிந்து இருக்கிறவளுக்கு மகிழ்ச்சி இல்லாமல் இருக்குமா?

வரும் வழியில் ஒரு முழுப் பாறை மீன் வாங்கிவிட்டேன். வீட்டில் நான் ஒருத்தி. குழம்பு வைத்து, பொரித்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

பல்கலைக்கழகப் போட்டியில் காலிறுதி. மூன்றுக்கு ஒன்று, ஜெயித்தோம். அந்த ஒன்றைக்கூட நாங்கள்தான் தூக்கிக் கொடுத்தோம். கோல்கீப்பர் இசக்கிராஜா கைக்கு வந்த பந்தை எதிரியின் காலில் போட்டுவிட்டு, யாரோ அவனைத் தள்ளிவிட்டதுபோல் சுற்றிப் பார்த்தான். ஒருவரும் தள்ளவில்லை. இரண்டாம் பாதியில் கேப்டன் டென்சிலைப் பத்தடி பின்னால் இறக்கினேன். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் பாதிக்குள் வரவே இல்லை. இந்த மாதிரி ஒரு முடிவு பலிக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நல்ல சாப்பாட்டில்கூட அது வராது.

ஜெர்சி கொடுக்கும்போது பையன்கள் என் முகத்தையே பார்த்தார்கள். எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம். ஆட்டத்தன்று காலையில் ஷெட்டுக்கு முன்னால் எல்லோரும் நிற்பார்கள். கோச் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் வந்தவன் எங்கே நின்றாலும் ஓடித்தான் வர வேண்டும், நடக்கக் கூடாது. ஜெர்சியை இரண்டு கையாலும் வாங்கி 'யெஸ் கோச்' என்று சொல்ல வேண்டும். கடைசிப் பெயர் தண்ணீர்ப் பெட்டி தூக்குகிறவனுக்கு. அவனும் ஓடித்தான் வர வேண்டும், அவனும் அணிதான். இவ்வளவும் கிளாரன்ஸ் ஏற்படுத்தியது. அவர் ஜெர்சியை வீசுவார். நான் வீட்டிலேயே அயர்ன் பண்ணிக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். என்னிடம் வாங்கும்போது மட்டும் பையன்கள் 'யெஸ் மேம்' என்பார்கள். பழக்கதோஷம். நானும் திருத்தவில்லை.

ஆட்டம் முடிந்து டென்சில் மெதுவாகக் கேட்டான்: "மேம், மோத்தா சார் வந்தா இதே டீம்தான இருக்கும்?"

"யாரு சொன்னா வாராருன்னு?"

"ஒங்க வீட்ட எங்கம்மா பாத்துச்சாம்."

ஜனவரி 16

மகள் நோயலின் போன் செய்தாள். கோயம்புத்தூரில் படிக்கிறாள், பரீட்சை நெருங்குவதால் பொங்கல் விடுமுறைக்கு வரவில்லை. பேச்சோடு பேச்சாக, "புதன்கிழமை அப்பா ஹாஸ்டலுக்கு வந்தாங்கம்மா, பிரியாணி வாங்கிக் குடுத்தாங்க" என்றாள். லீக் நடந்துகொண்டிருக்கும்போது வாரத்தின் நடுவில் கோவாவிலிருந்து கோயம்புத்தூர். லீவு கிடைத்திருக்கும். மகள் மேல் அவருக்கு எப்போதும் உயிர்.

துரைப்பாண்டி இரண்டாவது கோட் அடிக்கிறார்.

ஜனவரி 19, திங்கள்

காலையில் முக்குச் சந்தியில் ஃபிளெக்ஸ். ஒரு மாடி உயரம்.

நடுவில் கிளாரன்ஸ், கருப்புக் கண்ணாடியோடு. பின்னால் ஒரு சிங்கம், வெளிநாட்டு மைதானம் ஒன்று, புறாக்கள். 'தாய்மண் திரும்பும் தளபதியே, வருக! வருக!' என்று எழுத்து. கீழே வரிசையாகப் பழைய மாணவர்களின் தலைகள், எல்லோரும் செல்போனில் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் வலது ஓரம், தபால்தலை அளவில், நான். போட்டோவின் கீழே 'திருமதி கிளாரன்ஸ்'. பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி ஃபிளெக்ஸைப் பார்த்தார்.

ரெமியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "எறக்குடா அத. வாரேன்னு அவுக சொன்னாவளா?"

"சொல்லாட்டி என்னக்கா? ஃபிளெக்ஸப் பாத்தா மனசு மாறாதா? நீங்க சந்தோஷப்படுவியன்னுல்லா பெரிசா அடிச்சோம்."

இறக்கவில்லை. கல்லூரியில் எல்லோரும் கை கொடுத்தார்கள். ஆங்கிலத் துறை மேடம் கட்டிக்கொண்டே விட்டார். ஆறு வருடத்தில் அரையிறுதிக்கு நான்கு முறை போயிருக்கிறோம், ஒரு முறைகூட யாரும் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை.

மத்தியானம் கிளாரன்ஸ் அந்த ஃபிளெக்ஸின் படத்தை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒரு வார்த்தை எழுதவில்லை. கும்பிடு போடும் கைகள் மட்டும்.

ஜனவரி 21, புதன்

சாயங்காலம் கோவா அணிக்கு ஆட்டம். இந்த மாதம் என் பையன்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர்கள் ஆட்டம் ஒன்றையும் பார்க்கவில்லை. இன்று போனில் போட்டேன். கோட்டருகே வேறு ஒருவர் நின்று கத்திக்கொண்டிருந்தார். கிளாரன்ஸுக்குக் காய்ச்சலாக இருக்கும். போன வருடம் கொட்டுகிற மழையில், காய்ச்சலோடு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் நின்றவர். இந்த முறை ஓய்வெடுக்கிறார் போல. நல்லதுதான்.

வேலை முடிந்தது. கதவு படகு மாதிரிதான் இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 24, சனி

அரையிறுதி. ஒன்றுக்குப் பூஜ்யம். ஆறு வருடத்தில் முதல் முறையாக இறுதி ஆட்டத்துக்குப் போகிறோம், அதுவும் வருகிற சனிக்கிழமை எங்கள் மைதானத்திலேயே. பையன்கள் என்னைத் தூக்கப் பார்த்தார்கள். தூக்க முடியவில்லை. கோச்சைத் தூக்க வலு இல்லாதவன் இறுதி ஆட்டத்தில் என்னத்தைத் தூக்கப்போகிறான் என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவுவதற்குள் போன்.

"நல்லா ஆடினானுவ. ஆனா அந்த கோல்கீப்பரு சரிப்பட மாட்டான் ஹில்டா. ரெண்டு தடவ தப்பிச்சான். ஃபைனலுக்கு அடுத்தவன எறக்கு."

"நீங்க எங்க பாத்திய?"

"யூடியூப்ல காலேஜ் பையங்க லைவ் போட்டானுவல்லா."

"முழுசாவா? மத்தியானம் பூரா?"

குக்கர் சத்தம், ஹாஸ்டல் பிரியாணி, கோட்டருகே நின்று கத்திய வேறு ஆள், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இத்தனை நாள் நானே கதவைச் சாத்தி வைத்திருந்தேன் போலும்.

"என்னங்க, எங்க இருக்கிய?"

சொன்னார். கோயம்புத்தூரில், பழைய நண்பர் வீட்டு மாடியில். கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்துவிட்டுத் திரும்பிய மறுநாளே அணி நிர்வாகம் கூப்பிட்டு, போதும் என்று சொல்லிவிட்டது. வரிசையாகத் தோல்வி. பேப்பரில் இரண்டு வரிகூட வராமல் பார்த்துக்கொண்டார்களாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வேலையில்லாம வந்து வாசல்ல நிக்க மனசு வரல. ஃபாதர் பேசினதும்தான் மூச்சு வந்துச்சு. என்ன இப்ப வேற எடத்துலருந்து யாரும் கூப்பிடல." குரலை லேசாக்கிக்கொண்டு சொன்னார்: "நீயும் இதத்தான ஆசப்பட்ட. வீடெல்லாம் பெயிண்ட் அடிச்சு, போட்டோ அனுப்பி… அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருச்சு. ஃபாதர்கிட்ட சரின்னுட்டேன்."

ஊர்தான் சுவரைப் பார்த்துக் கதை கட்டியது என்றால், என் புருஷனுமா?

ஓதம் என்று வாய் வரை வந்தது. அவர் குரலைக் கேட்டுவிட்டு அதைச் சொல்ல முடியவில்லை. "வாங்க" என்றேன்.

ஜனவரி 25

பூசைக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் தெளியும். எனக்கு அவர் வீட்டுக்கு வர வேண்டும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வர வேண்டும். எனக்கு என் அணியும் வேண்டும். டென்சிலைப் பத்தடி பின்னால் இறக்கியது நான். இசக்கி தப்புச் செய்தாலும் மறுநாள் அவனையே நிறுத்துகிறவள் நான். இதை யாருக்கும், அவருக்கும், கொடுக்க எனக்கு மனமில்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நேராக ஃபாதர் வியான்னி அறைக்குப் போனேன்.

"ஃபாதர், நான் டீமக் குடுக்கமாட்டேன்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சார் சரின்னுட்டாரே. ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு, ஃபிளெக்ஸ் வேற…"

"ஃபிளெக்ஸ் வச்சவன் எறக்கிக்கிடுவான்."

"ஃபைனல்ல தோத்துட்டா?"

"தோத்தாலும் குடுக்கமாட்டேன். ஜெயிச்சா தாங்கன்னு கேக்க வரல. ஆறு வருஷமா பொறுப்பு, பொறுப்புன்னு போர்டுல போட்டு வச்சிருக்கிய. பொறுப்பா இருந்தேன்லா? இப்ப பொறுப்பாத்தான் சொல்லுதேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, குழப்பம்தான். "சார்கிட்ட இதச் சொல்லிட்டியளா?"

"இல்ல."

"அப்ப மொதல்ல வீட்ல பேசுங்க மேடம். புருஷன் பொஞ்சாதிக்கு நடுவுல என்னைய நிறுத்தாதிய. சனிக்கிழம பெரிய மனுசங்கல்லாம் வாராங்க. அவங்க முன்னால சார் கையால ஜெர்சி குடுக்கதா ஏற்பாடு. வேண்டாம்னா சாரே என்கிட்ட சொல்லட்டும். சொல்லலன்னா ஏற்பாடு ஏற்பாடுதான்."

நியாயமான பேச்சு. எரிச்சலாக வந்தது.

ஜனவரி 30, வெள்ளி

காலைப் பேருந்தில் கிளாரன்ஸ் வந்தார். இரண்டு பெரிய பெட்டி, ஒரு மூட்டை. இரண்டு நாளைக்கு வருகிறவர் கொண்டுவருகிற சாமான் இல்லை. இளைத்திருக்கிறார், தாடியில் நரை. வாசலில் நின்று நீலக் கதவைத் தொட்டுப் பார்த்தார். முதலில் சாப்பிடட்டும் என்று இட்லியும் நேற்றைய மீன் குழம்பும் வைத்தேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவி வந்ததும் சொல்லிவிட்டேன். இனியும் தள்ளிப்போட்டால் எனக்குள்ளேயே புளித்துப்போகும்.

"நீங்க வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா சுவத்துல ஓதம்னுதான் பெயிண்ட் அடிச்சேன். டீம நான் தரமாட்டேன்."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது நான் உண்டாக்கின டீமு ஹில்டா."

"நீங்க உண்டாக்கின பையங்க இப்ப படகு ஓட்டுதானுவ. இவனுவ எம் பையங்க."

"அப்ப நான் என்ன செய்ய? இந்த வயசுல?"

"தெரியல. கொஞ்ச நாள் வீட்ல இருங்க. என் சம்பளம் வருது. நல்ல எடமா வரும், போங்க. நானே பெட்டி கட்டித் தாரேன்."

"ஊர்க்காரன் என்ன பேசுவான்? பொஞ்சாதிட்ட வேலைய விட்டுக் குடுத்துட்டான்னு…"

"விட்டுக் குடுக்க அது ஒங்ககிட்ட இல்லியே." கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் உண்மை. "ஃபாதர்கிட்ட நீங்கதான் சொல்லணுமாம். நான் சொன்னா செல்லாதாம்."

அவர் துண்டைக் கொடியில் போட்டார். முன்னறையில் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் நான் ஜெர்சிகளை அயர்ன் பண்ணும்போது வந்து நின்று பார்த்தார். மேலே ஒன்றாம் எண் இருந்தது.

"இசக்கிதான் நிக்கானா?"

"நாளைக்குக் காலைல பேரு கூப்பிடும்போது தெரியும்" என்றேன். அவர் சொல்லிக்கொடுத்த பதில்தான். அவர் அணியில் ஆடிய பையன்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் ஆறு வருடத்துக்கு முன்பு இதையே சொல்வார்.

போய்விட்டார். ஃபாதருக்குப் போன் செய்த மாதிரியும் தெரியவில்லை.

ஜனவரி 31, சனி

அதிகாலை. அவர் எனக்கு முன்னால் எழுந்து போய்விட்டார். ஆணியில் தொங்கிய பழைய விசிலையும் காணோம். சரி. என் மைதானத்துக்கு எனக்கு வழி தெரியும்.

பிப்ரவரி 2, திங்கள்

சனிக்கிழமை நடந்ததை எழுத இன்றுதான் நேரம் வாய்த்தது. இரண்டுக்கு ஒன்று, தோற்றோம். இசக்கி ஒரு பெனால்டியைத் தடுத்தான். பிறகு ஒரு சாதாரணப் பந்தை விட்டான். ஆட்டம் முடிந்து தலை குனிந்து நின்றவனிடம், அடுத்த வருடமும் நீதான் நிற்கப்போகிறாய், அழுது முடித்துவிட்டு வா என்றேன். ஃபாதர் வியான்னி என் பக்கத்தில் வந்து வெகுநேரம் கோல்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த வருஷம் கப்பு இங்க வந்துரணும் மேடம். புல்தரைக்கு நான் வேற ஆளப் பாக்குதேன்" என்றார். வந்துரும் ஃபாதர் என்றேன். வரும்.

இன்று காலை மிச்சமிருந்த மஞ்சள் பெயிண்டை ஷெட்டுக்குக் கொண்டுபோய், போர்டில் அடைப்புக்குறியையும் அதற்குள் இருந்த சொல்லையும் அழித்தேன். மஞ்சள் கொஞ்சம் பளிச்சென்றுதான் தெரிகிறது. தெரியட்டும். ரெமி ஃபிளெக்ஸைக் கழற்றித் தன் படகு இன்ஜின் மேல் போர்த்திவிட்டான். மீன்காரி கேட்டாள்: "சார் திரும்பவும் வெளியூரு போறாவளாமே?" சாரையே கேள், மைதானத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிறார் என்றேன். போகலாம். கேரளத்தில் ஓர் அணியிலிருந்து யாரோ பேசினார்கள் என்று நேற்று அவரே சொன்னார். இனிமேல் எதுவானாலும் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும் என்று பேச்சு.

பேப்பரில் வராததை இப்போது எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை நான் ஜெர்சிக் கட்டோடு போனபோது ஷெட்டின் முன்னால் நாற்காலி போட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரெமி கையில் பொன்னாடை. கிளாரன்ஸ் ஓரமாக, பழைய ட்ராக் சூட்டில், கழுத்தில் விசிலோடு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. ஃபாதர் மைக்கைத் தட்டி, "இன்றைக்கு நமது கிளாரன்ஸ் சார் அவர்கள்…" என்று தொடங்கினார்.

நான் காத்திருக்கவில்லை. ஃபாதர் முடித்துவிட்டால் அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஜெர்சிக் கட்டை மேசையில் வைத்து, மைக் இல்லாமலே கூப்பிட்டேன்.

"இசக்கிராஜா!"

பையன்கள் ஒரு கணம் விழித்தார்கள். கண்கள் என்னிடமும் சாரிடமுமாக ஓடின. பிறகு இசக்கி ஓடி வந்தான். இரண்டு கையாலும் வாங்கினான். "யெஸ் மேம்." அடுத்து டென்சில். அடுத்து லெஃப்ட் பேக். பதினொரு பேர், பிறகு மாற்று ஆட்டக்காரர்கள். ஃபாதர் மைக்கைப் பிடித்தபடியே நின்றார். கிளாரன்ஸ் அசையவில்லை.

ஜெர்சி தீர்ந்துவிட்டது. காலடியில் தண்ணீர்ப் பெட்டி இருந்தது. அதற்குரிய பையனின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அப்போது கிளாரன்ஸ் என்னைப் பார்த்தார். கோபமா, கெஞ்சலா, தெரியவில்லை. வேலை போன மனிதர், ஊர் முன்னால், எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்கிறார். அவரை அந்த ஓரத்தில் விட்டுவிட்டு என்னால் ஆட்டத்துக்குப் போக முடியாது என்று தோன்றியது. அதே சமயம் நின்ற இடத்திலிருந்து ஓரடி நகரவும் எனக்கு மனமில்லை.

கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருடம். முதல் முறையாக, எல்லோருக்கும் கேட்கக் கூப்பிட்டேன்.

"கிளாரன்ஸ்!"

நாற்காலிகளில் யாரோ இருமினார்கள். ரெமியின் வாய் திறந்தே இருந்தது. நடுவில் பத்துப் பதினைந்து அடி தூரம்தான், அது காலியாகக் கிடந்தது. நடந்து வருவாரா, திரும்பிப் போவாரா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மாதத்தில் நான் நிஜமாகப் பயந்தது அப்போதுதான்.

அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஓடி வந்தார். வலது முட்டி சரியில்லாதவர், நொண்டி நொண்டித்தான், ஆனால் ஓடி. குனிந்து பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். மூச்சு வாங்க நிமிர்ந்து, பையன்கள் ஆறு வருடமாக என்னிடம் சொல்லாததைச் சொன்னார்.

"யெஸ் கோச்."